சூரியன் கிழக்கே மறையும் தீவு

உலகத்தில் சூரியனைக் கிழக்கே மறைய வைத்த மனிதர் ஒருவர்தான் உண்டு. புதுச்சேரி உப்பளத்தில், நான் தங்கியிருந்த மெஸ்ஸுக்கு எதிரே இருந்த சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் அதைச் செய்து முடித்தார். உபகரணம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாக நினைவில்லை. ‘மர்த்தினிக்காரர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். தலையில் கப்பல்காரன் தொப்பி, இடுப்பில் நாலு முழம், காலில் ஒன்றும் கிடையாது. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால் பிரான்சில் ஆரம்பித்து அரியாங்குப்பத்தில் முடிவார். விடிந்ததும் சைக்கிளில் வீடு வீடாக ரொட்டி போடுவார். முழ நீளத்து ரொட்டிகள் காரியரில் விறகுக் கட்டு மாதிரி கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் ரொட்டி தீர்ந்துவிடும். மிச்சப் பொழுது முழுவதும் மர்த்தினிக்.

மர்த்தினிக் என்பது அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தக் கோடியில், கரீபியன் கடலில் கிடக்கும் ஒரு பிரெஞ்சுத் தீவு. இவர் வாலிபத்தில் ஏதோ ஒரு பிரெஞ்சுக் கப்பலின் குசினியில் உருளைக்கிழங்கு உரித்தாராம். கப்பல் அந்தத் தீவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டதாம். எந்திரத்துக்குச் சாமான் வந்து சேர ஒரு மழைக்காலம் முழுக்க ஆனதாம். குசினி ஆட்களுக்குச் சம்பளம் ஊர் திரும்பிய பிறகுதான் என்பதால், காலிச் சட்டைப்பையோடு தீவு பூராவையும் சுற்றிப் பார்த்தாராம். இத்தனை ‘ஆம்’ போடுவதற்குக் காரணம், இதில் ஒன்றைக்கூட நாங்கள் நம்பவில்லை என்பதுதான்.

அந்தக் காலத்தில் எதை நம்புவது என்பதே எங்களுக்குத் தெளிவாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் காகிதத்தில் விவகாரம் முழுசாகத் தீராததால், ஊர் இந்தியாவில் இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் பிரான்சில் மிச்சமிருக்கிறதா என்று டீக்கடையில் சண்டை நடக்கும். நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில் பாதிக் காகிதம் பிரெஞ்சில் வரும், பாதி இங்கிலீஷில் வரும். இரண்டும் எனக்கு ஒரே அளவு புரிந்ததால் பாரபட்சமில்லாமல் கையெழுத்துப் போட்டேன். பி.ஏ. படித்தவன் என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் அதிகம் பேசுவதில்லை.

என் அறைத் தோழன் வேணு பேசுவான். தவளக்குப்பத்தில் கழனி உள்ள குடும்பம். டவுனில் ஒரு மில்லில் வேலை. ஒரு பண்டிகை லீவுக்கு முன்னால் அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

“இன்னா மர்த்தினிக்காரரே, எங்க ரெண்டு பேருக்கும் லீவு. கையில காசு கம்மி. எங்கனா போய்ட்டு வரலாம்னு பாக்கறோம். நாலு ஊரு பாத்த மனுஷன், சொல்லுங்க.”

செஞ்சிக் கோட்டை, சிதம்பரம் என்று ஏதாவது வரும் என்று நினைத்தோம். அவர் ஒரு விநாடி யோசித்தார். அந்த விநாடியையும் எங்கள் திருப்திக்காகத்தான் எடுத்துக்கொண்டார்.

“மர்த்தினிக் போங்க.”

“செலவு?”

“அங்க எறங்கிட்டீங்கன்னா ஒரு சல்லி செலவில்ல.”

“எறங்கற வரைக்கும்?”

“அது கொஞ்சம் ஆவும்” என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்களை விடவில்லை. காசில்லாத மனிதன் அந்தத் தீவில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் அத்தனையையும் அந்தப் பெஞ்சிலிருந்து காட்டினார். முதலில் தலைநகரத்தில் சவானா மைதானம். அங்கே பிரெஞ்சு தேசத்துப் பேரரசி ஒருத்திக்குப் பளிங்குச் சிலை. அந்த அம்மாள் பிறந்த ஊரே அந்தத் தீவுதான். சிலை நிழலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். பிறகு அந்தப் பேரரசி பிறந்த வீடு. வீடு புயலில் போய்விட்டது, அடுப்பங்கரை மட்டும் நிற்கிறது.

“ராணி பொறந்த வூட்ல அடுப்பங்கரைய இன்னாத்துக்குப் பாக்கணும்?” என்றான் வேணு.

“மத்தது இல்லையே தம்பி. இருக்கறதத்தான பாக்க முடியும்?”

அடுத்து ஒரு மலை. ஒருநாள் காலையில் அது வெடித்து, அடிவாரத்துப் பட்டணத்தில் ஒரு ஜீவன் பாக்கியில்லாமல் எரித்துவிட்டது. ஜெயிலில் தனியறையில் பூட்டிக் கிடந்த ஒரு கைதி மட்டும் பிழைத்தான். அந்த ஜெயில் அறையைப் பார்க்கலாம், இலவசம்.

“நல்லவன்லாம் செத்து கைதி மட்டும் பொழச்சானா? கதையிலகூட இப்படி எழுத மாட்டாங்களே” என்று வேணு என்னைப் பார்த்தான். நான் படித்தவன் என்ற முறையில் புன்னகை செய்தேன்.

அப்புறம் கடலுக்குள் ஒரு பாறை. இங்கிலீஷ்காரன் அதைப் பிடித்துக்கொண்டு, பீரங்கி ஏற்றி, இது எங்கள் கடற்படைக் கப்பல் என்று தஸ்தாவேஜில் எழுதிவிட்டானாம். கரையில் நின்றே பார்க்கலாம். அப்புறம் கறுப்பு மணல் கடற்கரை. அங்கே ஒரு மரம், பழம் பார்க்க அழகாக இருக்கும், தின்றால் தொண்டை வெந்துவிடும், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் உடம்பு கொப்பளிக்கும். சாராய ஆலைகளில் ருசி பார்க்க ஒரு வாய் சும்மா தருவார்கள். வடக்கே போனால் இன்னும் இரண்டு மூன்று ஆலை. “ஆலை ஆலையா பாத்துக்கிட்டே போனா சாயங்காலத்துக்கு வயிறும் ரொம்பிடும், மனசும் ரொம்பிடும்.”

“போக்குவரத்து?”

“கரும்பு ஏத்தற லாரி. கையக் காட்டிட்டு ஒரு பாட்டு பாடினா ஏத்திக்குவான்.”

இந்தக் கடைசி யோசனையால் ஒரு விபரீதம் நடந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் பெஞ்சுக்கு வந்து, “தவளக்குப்பம் போவணும், செலவு கம்மியா எப்படிப் போறது?” என்று கேட்டார். மர்த்தினிக்காரர் அப்போது தீவின் வடக்குப் பகுதியில் இருந்தார். கரும்பு லாரி, கை, பாட்டு என்று மும்முரமாகச் சொன்னார். அந்த மனிதர் கடலூர் ரோட்டில் போய் நின்று அப்படியே செய்திருக்கிறார். எங்கிருந்தோ ஒரு கரும்பு லாரியும் வந்திருக்கிறது. தவளக்குப்பத்தில் நிற்காமல் நேராக நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மறுநாள் கையில் ஒரு கரும்போடு சண்டைக்கு வந்தார்.

“காசு வாங்கினானா?” என்று கேட்டார் மர்த்தினிக்காரர்.

அவர் யோசித்தார். “வாங்கலதான்.”

“கரும்பு?”

“அவனே குடுத்தான்.”

“பாத்தியா?”

சண்டைக்கு வந்தவர் கரும்பை உடைத்து எங்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். யார் ஜெயித்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். அவருடைய பெயரை அடியோடு கெடுத்தது சூரியன்தான். அதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு இடது வலது கிடையாது. வழி கேட்டால் கிழக்கே போ, மேற்கே திரும்பு என்போம். கிழக்கு என்றால் கடல். தெருவெல்லாம் சதுரங்கக் கட்டம் மாதிரி இருப்பதால், எந்த மூலையில் நின்றாலும் கடல் இருக்கும் பக்கம் உடம்புக்குத் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் எங்கள் ஊர்க்காரன் கிழக்கைக் காட்டிவிடுவான். சொல்லப்போனால் எங்களுக்குக் கிழக்கு ஒரு திசையே அல்ல, தண்ணீர்.

“எல்லாத்தயும் விட முக்கியமான எடம் ஒண்ணு இருக்கு” என்று ஆரம்பித்தார் அவர். “சாயங்காலம் அங்க கடற்கரையில போய் நிக்கணும். நயா பைசா செலவில்ல. சூரியன் கடலுக்குள்ள முழுகும் பாரு, அடுப்புலேர்ந்து எடுத்த தோசைக்கல்லத் தண்ணியில வெச்சாப்பல.”

“முழுகுமா, எழும்புமா?” என்றான் வேணு.

“முழுகும்.”

“சாயங்காலமா?”

“பின்ன, காலையில எழுந்ததும் முழுகுமா?”

“கடல் கெழக்காச்சே.”

“ஆமா.”

“அப்போ சூரியன் கெழக்க முழுகுதா?”

மர்த்தினிக்காரர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். கடல் கிழக்கு. அதில் அவருக்குச் சந்தேகமில்லை. சூரியன் அதற்குள் முழுகியது. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். இரண்டில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க முடியாத மனிதர் என்ன செய்வார்?

“அங்க அப்பிடித்தான்” என்றார்.

சோடாக் கடைக்காரர் கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து தெருவில் யாராவது புளுகினால், “சூரியன் எந்தப் பக்கம்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

நான் படித்தவன் அல்லவா, இதை விசாரிக்கக் கடமைப்பட்டேன். வாசகசாலைக்குப் போய் அட்லாஸைப் பிரித்தேன். வாசகசாலையின் முத்திரை மிகச் சரியாகக் கரீபியன் கடலின் மேல் குத்தப்பட்டிருந்தது. ஊதா மைக்கு நடுவில் மிளகளவு ஒரு புள்ளி தெரிந்தது. அது மர்த்தினிக்காக இருக்கலாம், அச்சுப் பிழையாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அது தீவு. நாலு பக்கமும் கடல். எங்கள் ஊர்க் கணக்குப்படி நாலு பக்கமும் கிழக்கு. தலை சுற்ற, அட்லாஸை மூடிவிட்டு மெஸ்ஸுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் செலினுக்கு அந்தத் தீவுக்குப் போக வேண்டி வந்தது.

செலின் எங்கள் தெருக் கோடியில் இருந்த மதாம் வீட்டுப் பெண். மதாம் என்று ஊரே மரியாதையாக அழைத்த அந்த அம்மாள், பிரெஞ்சுக்காரர் போலீஸில் சிப்பாயாக இருந்தவரின் விதவை. செலின் ஒரே பிள்ளை. அவள் புருஷன் லூர்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவன். கல்யாணமாகிப் புதுப் புடவை வாசனை போவதற்குள் கப்பலேறிவிட்டான். இப்போது அவனை மர்த்தினிக்குக்கு மாற்றியிருந்தார்கள். பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, கப்பல் செலவும் சர்க்காருடையது. ஆனால் வருகிற கப்பலில் போனால்தான். விட்டால் அவன் திரும்பி வரும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மதாம் முடியாது என்றுவிட்டார். “கண்காணாத ஊருக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன். அந்த ஊர் இருக்குன்னு எவன் கண்டான்?”

கண்டவர் ஒருவர் தினம் காலையில் அதே வீட்டுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவரைப் புளுகர் என்று மதாம் கேள்விப்பட்டிருந்தார். ரொட்டியை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு, பேச்சு ஆரம்பிக்குமுன் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

செலின் ஒருநாள் பெஞ்சுக்கே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“மாமா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எங்க வூட்டுக்கு வாங்க. அம்மா உங்களக் கேட்டுத்தான் முடிவு சொல்லுவேன்னு எறங்கி வந்திருக்காங்க. ரொம்பக் கெஞ்சிட்டேன். அங்க இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க, போதும்.”

“அதத்தானம்மா வருஷக்கணக்கா சொல்லிக்கினு இருக்கேன்.”

“எல்லாம் சொல்லுங்க. அந்த சூரியன மட்டும் விட்டுடுங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “அதாம்மா அங்க பாக்க வேண்டியதுலயே…”

“உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். அதச் சொன்னீங்கன்னா மத்த எதையும் நம்ப மாட்டாங்க. எனக்கு அவரோட போய் இருக்கணும் மாமா.”

அவர் வெகுநேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். “சரி” என்றார். வெடித்த மலையையும், கொப்பளிக்க வைக்கும் மரத்தையும்கூட விட்டுவிடும்படி வேணு சொன்னான். அதற்கும் சரி என்றார். சாராய ஆலையை நானாகத் தள்ளுபடி செய்தேன். ஒவ்வொன்றாக நாங்கள் எடுக்க எடுக்க, பாவம், தீவு கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு சிலையும் ஒரு அடுப்பங்கரையும்தான் அவர் கையில் மிஞ்சின.

ஞாயிற்றுக்கிழமை நானும் வேணுவும் சாட்சியாகப் போனோம். எதற்குச் சாட்சி என்று யாரும் சொல்லவில்லை. மதாம் முக்காடோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செலின் கதவோரம் நின்றாள். மர்த்தினிக்காரர் அன்றைக்குக் காலில் செருப்புப் போட்டிருந்தார். யாரிடமோ வாங்கியது. இரண்டும் இடது காலுக்கானவை போல நடந்து வந்தார்.

“பொன்ழூர் மதாம்.”

“உக்காருங்க ரொட்டிக்காரரே. அங்க நம்ம ஜனம் இருக்காங்களா? அத மொதல்ல சொல்லுங்க.”

“இருக்காங்க மதாம். கரும்புத் தோட்டத்துக்குன்னு அந்தக் காலத்துல கூட்டிக்கினு போனவங்க வயித்துப் புள்ளைங்க. வடக்கால போனா மாரியம்மன் கோயில், மதுர வீரன் கோயில் எல்லாம் உண்டு. பார்க்கக் காசு கெடையாது. தமிழ் பேசத் தெரியாது அவங்களுக்கு. ஆனா தமிழ்ல பாடுவாங்க.”

“பேசத் தெரியாம எப்படிப் பாடுவாங்க?”

“அது அவங்களுக்கே தெரியாது மதாம். அர்த்தம் கேட்டா என்னயத் திருப்பிக் கேக்கறாங்க.”

வேணு என் தொடையைக் கிள்ளினான். இது எங்கள் பட்டியலில் இல்லை.

“என் மூஞ்சியப் பாத்துட்டு ஒரு அம்மா உள்ள கூப்ட்டு சோறு போட்டுச்சு. கொழம்பு. அவங்க கொலொம்போன்னு சொல்றாங்க. மசாலா நம்ம மசாலாதான் மதாம். உப்புதான் கம்மி.”

மதாமின் முகத்தில் ஏதோ அசைந்தது. “நோவு நொடின்னு வந்தா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரி உண்டு என்றார் இவர். கோயில்? மாதா கோயில் இரும்பால் கட்டி ஊசி மாதிரி நிற்கும் என்றார். சந்தையில் என்ன கிடைக்கும், மழை எப்படி, பெண்பிள்ளை தனியாகத் தெருவில் நடக்கலாமா, எல்லாவற்றுக்கும் அவர் அடக்கமாக, சுருக்கமாகப் பதில் சொன்னார். சூரியன் பக்கமே போகவில்லை. செலின் கதவைப் பிடித்திருந்த கை லேசாகத் தளர்ந்தது.

அப்போது மதாம் கடைசிக் கேள்வி கேட்டார். யோசித்துக்கூடக் கேட்கவில்லை, ஒரு தாய் கேட்கிற கேள்வி.

“பகல்ல வேலை இருக்கும். சாயங்காலமானா அந்த ஊர்ல எம் பொண்ணு இன்னா பண்ணும்?”

சாயங்காலம். அந்த வார்த்தை விழுந்ததும் மர்த்தினிக்காரர் தொப்பியைக் கழற்றினார். செலினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“சாயங்காலம்… கடற்கரைக்குப் போவலாம்” என்றார்.

“போய்?”

“நிக்கலாம்.”

“நின்னு?”

“பாக்கலாம்.”

“இன்னாத்தப் பாக்கறது?”

வேணு இருமினான். நான் பிரெஞ்சு ராணியின் அடுப்பங்கரையைப் பற்றி ஏதோ குறுக்கே கேட்டேன், யாரும் காதில் வாங்கவில்லை.

“மன்னிச்சுக்க செலினு” என்றார் அவர். பிறகு மதாம் பக்கம் திரும்பி, அணை உடைந்தது போல ஒரே மூச்சில் சொன்னார். “சூரியன் கடலுக்குள்ள முழுகும் மதாம். நானே பாத்தேன். தினமும் போய்ப் பாத்தேன். அதப் பாக்காம அந்த ஊர்ல வேற எதப் பாத்தும் பிரயோஜனமில்ல.”

செலின் உள்ளே ஓடிவிட்டாள். வேணு தரையைப் பார்த்தான். மதாம் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

“எந்தப் பக்கம் முழுகுச்சு?” என்று கேட்டார்.

“கடல் பக்கம்.”

“கடல் எந்தப் பக்கம்?”

“கெழக்கதான் மதாம். கடல் வேற எங்க இருக்கும்?”

அந்த அம்மாள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“செலின் பொறக்கறதுக்கு முன்ன எங்க வூட்டுக்காரர மாஹேவுக்கு மாத்தினாங்க. மலையாளக் கரையில இருக்குதே, அதுவும் அப்ப பிரெஞ்சுக்காரன் ஊருதான். மொத நாளு சாயங்காலம் பாக்கறேன், சூரியன் கடலுக்குள்ள போவுது. ஊரே தலகீழாப் பூடுச்சுன்னு அழுதேன். ஆறு மாசம் எனக்குத் திசை தெரியல. கடல் மேல சூரியனப் பாத்தா காலைன்னு நெனச்சுக்குவேன். யாருகிட்டயும் சொல்லல. பைத்தியம்னு நெனப்பாங்கன்னு.”

மதாம் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“பேச ஆளில்லாம நான் பட்டது எம் பொண்ணு படக்கூடாதுன்னுதான் இவ்ளோ நாள் வேணாம்னு சொன்னேன்” என்றவர், உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “செலின், வா இங்க. இந்த மனுஷன் அங்க போய் நின்னுருக்காரு. பொய் சொல்றவனா இருந்தா சூரியன ஒழுங்கா மேற்க எறக்கியிருப்பான். இப்படிக் கொழம்பறதுக்குக் கண்ணால பாத்திருக்கணும். சூரியன் நெசம்னா அந்தக் கொழம்பும் நெசம், சோறு போட்ட பொம்பளயும் நெசம். நீ போய்ட்டு வா.”

செலின் அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். நானும் வேணுவும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றோம். மர்த்தினிக்காரர் மட்டும் எதையோ தீவிரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மதாம்” என்றார் கடைசியில். “அப்போ மாஹேலயும் சூரியன் கெழக்கதான் மறையுதா?”

செலின் புறப்பட்டாள். விழுப்புரம் வழியாக ரயில், பம்பாயில் கப்பல், மார்செய்யில் இன்னொரு கப்பல். ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை மர்த்தினிக்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூட ஓடினார். நாங்கள் தள்ளுபடி செய்த மலை, மரம், ஆலை எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. தெரு அவரை நம்ப ஆரம்பித்தது. நம்பப்பட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரொட்டி போடுவார், பெஞ்சில் உட்காருவார், சும்மா இருப்பார். “இன்னா, ஒடம்பு சரியில்லையா?” என்று வேணு கேட்டான்.

“எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுனா அப்புறம் இன்னாத்தச் சொல்றது?” என்றார் சோர்வாக.

அவரை மறுபடியும் பேச வைத்தது மதாம்தான். பெண் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை போலிருக்கிறது. ஒரு சாயங்காலம், தெருவில் அதுவரை யாரும் பார்த்திராதபடி, முக்காடு போட்டுக்கொண்டு சோடாக் கடைப் பெஞ்சுக்கு வந்தார். நாங்கள் எழுந்து இடம் விட்டோம்.

“ரொட்டிக்காரரே, இந்நேரம் செலின் இன்னா பண்ணிக்கிட்டிருக்கும்?”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “இப்ப அங்க காலைல காப்பி நேரம் மதாம். சூரியன் அங்க எல்லாத்தையும் மாத்தித்தான் செய்யுது. காப்பி குடிச்சிட்டு மைதானத்துப் பக்கமா நடந்து வரும். வெயில் ஏறல இன்னும். அந்த ராணி செலை நெழலுல ஒரு கல்லு இருக்குது, அதுல உக்காந்திருக்கும். பூக்காரிங்க பூ வித்துக்கினு போவாங்க. வாங்கத் தேவையில்ல, வாசனைக்குக் காசு கேக்க மாட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் சந்தைக்குப் போவும்.”

மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்றைக்குச் சந்தை வரை போனார்கள். மறுநாளும் அந்த அம்மாள் வந்தார், இரும்புக் கோயில் வரை போனார்கள். பிறகு தினமும் வந்தார். செலினை மர்த்தினிக்காரர் பேச்சிலேயே தினம் ஓரிடத்துக்கு அழைத்துப் போனார், எங்கேயும் ஒரு பைசா செலவழிக்க விடவில்லை.

அவர் சொன்ன கல் அந்த மைதானத்தில் இருந்ததா, பூக்காரிகள் இருந்தார்களா, எனக்குத் தெரியாது. அந்த மனிதர் வாயைத் திறந்தாலே குறுக்கே விழுந்து கேள்வி கேட்பதைத் தொழிலாக வைத்திருந்த வேணுவும், கூடச் சிரித்த நானும், அந்தச் சாயங்காலங்களில் மட்டும் அவர் நிறுத்தும்வரை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.